கிரிக்கெட்டே தெரியாத நாட்டில் கிரிக்கெட் எப்படி வளரும்? ருவாண்டாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

நமக்கெல்லாம் யாரும் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவன் தென்னை மட்டையைச் செதுக்கிக் கொண்டு வந்தான், சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்தோம், பக்கத்து வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட் என்று பெரிய பையன் ஒருவன் சொன்னான், ஆள் குறைந்த நாளில் ஒருவனே இரண்டு பக்கமும் ஆடினான். ஓவருக்கு ஆறு பந்து என்பதை எந்த வயதில் கற்றுக்கொண்டோம் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பேச்சு வந்த மாதிரி அதுவும் வந்துவிட்டது.

இப்போது இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். தெருவில் யாரும் ஆடுவதில்லை, டிவியில் வருவதில்லை, அப்பா ஆடியதில்லை, தாத்தா கேள்விப்பட்டதே இல்லை, கடையில் மட்டை கிடைக்காது, பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கு விதி தெரியாது. அப்படி ஒரு நாட்டில் கிரிக்கெட்டை வளர்ப்பது என்றால் என்ன? எங்கிருந்து ஆரம்பிப்பது? யார் காசு கொடுப்பது? வளர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? பொதுவாகப் பேசினால் இது சீக்கிரம் சலித்துவிடும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ருவாண்டா. இந்த விஷயத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான கதை அதுதான்.

ருவாண்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பரப்பளவில் கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். கடல் கிடையாது, எங்கு பார்த்தாலும் மலை, 'ஆயிரம் மலைகளின் நாடு' என்றே பெயர். அதை ஆண்டது பெல்ஜியம். இந்த ஒரு தகவலிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது, ஏனென்றால் உலகத்தில் கிரிக்கெட் எங்கெல்லாம் வேர்விட்டது என்று பார்த்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடங்களாகத்தான் இருக்கும். பக்கத்திலிருக்கும் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் பிரிட்டிஷ் பாணிப் பள்ளிகள் இருந்தன, இந்திய வணிகர்கள் இருந்தார்கள், அதனால் கிரிக்கெட்டும் இருந்தது. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் பிரெஞ்சு மொழி, கால்பந்து, வாலிபால், சைக்கிள். கிரிக்கெட் என்ற சொல்லே இல்லை.

அப்புறம் எப்படி வந்தது? அகதிகளோடு வந்தது.

1959-லிருந்து தொடங்கிய வன்முறைக்குப் பயந்து துட்சி இன மக்கள் பெரும் எண்ணிக்கையில் பக்கத்து நாடுகளுக்கு ஓடினார்கள். உகாண்டாவிலும் கென்யாவிலும் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் அங்கே ஆங்கிலப் பள்ளிகளில் படித்தார்கள், அந்தப் பள்ளி மைதானங்களில் கிரிக்கெட் ஆடினார்கள். 1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அது முடிந்தபின் வெளியில் இருந்தவர்கள் நாடு திரும்பத் தொடங்கினார்கள். பிறந்ததிலிருந்து சொந்த நாட்டைப் பார்த்தே இராத இளைஞர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள், அவர்கள் கற்றிருந்த விளையாட்டும் கூடவே வந்தது. சார்ல்ஸ் ஹபா போன்ற சிலர் பல்கலைக்கழக நாட்களில் ஆடத் தொடங்கி, 1999-இல் ருவாண்டா கிரிக்கெட் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 2003-இல் உலகக் கிரிக்கெட்டை நடத்தும் அமைப்பான ஐசிசி-யில் உறுப்பினர் ஆனார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு அடிப்படை விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட் ஒரு புது நாட்டுக்குத் தானாக நடந்து போவதில்லை, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். இன்று பெரும்பாலான சின்ன கிரிக்கெட் நாடுகளில் அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வேலைக்கோ அடைக்கலம் தேடியோ போனவர்கள். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் "ஒன்னு ஓடு, ஒன்னு ஓடு" என்று தமிழ்க் குரல் கேட்கும். இது நல்ல விஷயம்தான், சந்தேகமே வேண்டாம். ஆடத் தெரிந்தவர்கள் முதல் நாளே தயாராக இருக்கிறார்கள், கைக்காசைப் போட்டு லீக் நடத்துகிறார்கள். ஐசிசி விதிப்படி ஒரு நாட்டில் மூன்று ஆண்டு வசித்தாலே அந்த நாட்டு அணிக்கு ஆடலாம் என்பதால் சர்வதேச ஆட்டத்துக்கு அணியும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் கண்ணுக்கு அது "வெளியூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஏதோ ஒன்று" என்பதாகவே நின்றுவிடுகிறது. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொள்கிறார்கள், வேலி ஓரம் நின்று பார்க்கும் உள்ளூர்ப் பையனுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இருபது வருடம் கழித்து வேலைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பினால், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் கால்பந்துக்குப் போய்விட்டால், அணி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை லீக் நடந்தாலும் அதை நான் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் பிறந்த ஒருவர், அந்த ஊர் மொழியில், அந்த ஊர்க் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கும் நாள்தான் என் கணக்கில் முதல் நாள்.

ருவாண்டாவுக்கு இது ஆரம்பத்திலேயே வாய்த்தது. கொண்டு வந்தவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள், கின்யருவாண்டா மொழி பேசுகிறவர்கள். தலைநகர் கிகாலியில் வசிக்கும் இந்தியர்களும் உதவினார்கள், 'இண்டோர்வா' என்ற கிளப்பின் பெயரே இந்தியாவையும் ருவாண்டாவையும் சேர்த்து வைத்ததுதான். ஆனால் மையத்தில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள்.

சரி, ஆள் வந்தாயிற்று. எங்கே ஆடுவது?

கால்பந்து மைதானம் ஏறக்குறைய 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கிரிக்கெட்டுக்குப் பிட்சின் நடுவிலிருந்து பவுண்டரிக்கே குறைந்தது 60 மீட்டராவது வேண்டும், அதாவது 120, 130 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம், அதுவும் சமதளமாக. மலை நாட்டில் அப்படி ஒரு இடம் கிடைத்தால் அதில் வீடு கட்டுவார்கள், இல்லை பயிர் வைப்பார்கள். அப்படியே ஒரு கால்பந்து மைதானத்தைக் கேட்டு வாங்கினாலும் நடுவில் 22 கெஜத்துக்கு ஒரு கெட்டியான பிட்ச் வேண்டும், கால்பந்துக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புல் பிட்ச் என்றால் தினமும் தண்ணீர், உருளை, அதற்கென்று பழகிய ஆள். அதனால்தான் புது நாடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் போட்டு மேலே செயற்கைப் புல்லோ பாயோ விரிக்கிறார்கள். பந்து ஒரே மாதிரி எழும்பும், கற்றுக்கொள்கிறவனுக்கு அது நல்லது. ஆனால் பாய் விரித்த பிட்சிலேயே வளர்ந்த பேட்டர் வெளிநாட்டுப் போட்டியில் புல் பிட்சில் போய் நின்றால் பந்து தாழ்ந்தும் திரும்பியும் வருவதைப் பார்த்துத் திணறிப் போவார். சின்ன அணிகள் பெரிய போட்டியில் சுருண்டு விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம், திறமைக் குறைவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

ருவாண்டாவில் கிரிக்கெட்டுக்குக் கிடைத்த இடம் கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் மைதானம். அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1994 ஏப்ரலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள், ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள் என்ற நம்பிக்கையில். ஏப்ரல் 11 அன்று அந்த வீரர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். பல ஆண்டுகள் நாட்டின் ஒரே கிரிக்கெட் மைதானமாக இருந்தது அந்தப் பள்ளியின் மைதானம்தான். கரடுமுரடான தரை, நடுவில் ஒரு செயற்கைப் பிட்ச். அங்கேதான் ஒரு தலைமுறை ஆடக் கற்றுக்கொண்டது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ருவாண்டா அணியின் ஸ்கோரை மற்ற அணிகளின் ஸ்கோரைப் பார்ப்பது போலப் பார்க்க முடிவதில்லை.

அடுத்து, சொல்லிக்கொடுப்பது. இதுதான் நமக்குப் புரிவதற்கு ரொம்பக் கஷ்டமான பகுதி, ஏனென்றால் நாம் கற்றுக்கொண்டதே நமக்கு நினைவில்லை. கிரிக்கெட்டைப் பார்த்தே இராத பத்து வயதுக் குழந்தையின் கையில் பந்தைக் கொடுத்து "வீசு" என்றால் அது முழங்கையை மடக்கித்தான் எறியும். கல் எறிவதும் மாங்காய் அடிப்பதும் அப்படித்தானே? கையை நீட்டி, மடக்காமல், தலைக்கு மேலே சுழற்றி விடு என்பது மனித உடம்புக்கு இயல்பான காரியமே அல்ல. அதை நின்ற இடத்திலிருந்து, ஓட்டம் இல்லாமல், கை சுற்றுவதை மட்டும் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். கால்பந்து பழகிய குழந்தை உருண்டு வரும் பந்தைக் காலால் நிறுத்தப் பார்க்கும். அடித்தால் ஓட வேண்டுமா கூடாதா என்பது இன்னொரு குழப்பம், பேஸ்பால் மாதிரி அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லையே. எல்பிடபிள்யூ-வை முதல் ஒரு வருடத்துக்கு யாரும் பேச்சிலேயே எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது.

இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து எது என்றால், அவுட் ஆவது. நன்றாக யோசியுங்கள். முதல் முறை ஆட வந்த குழந்தை முதல் பந்திலேயே போல்ட் ஆகிவிட்டது. நம் விதிப்படி அது வெளியே போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். மறுநாள் அந்தக் குழந்தை வருமா? பக்கத்திலேயே கால்பந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே எல்லோரும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கலாம். அதனால் ஆரம்பப் பயிற்சியில் ஜோடி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் அணி, இரண்டிரண்டு பேராக நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் இத்தனை ஓவர் என்று கணக்கு, அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த ஓவர்களை ஆடி முடிக்கலாம். அவுட் ஆனால் அணியின் மொத்தத்தில் ஐந்து ரன்னோ ஆறு ரன்னோ கழியும், அவ்வளவுதான். யாரும் கழித்தல் கணக்கில் கீழே போய்விடாதபடி அணி 200 ரன்னிலிருந்தே தொடங்கும். எல்லோரும் பவுலிங் போட வேண்டும், ஒவ்வொருவராக இடம் மாறி விக்கெட் கீப்பராகவும் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் மட்டை, பிளாஸ்டிக் ஸ்டம்ப், மென்மையான பந்து. ஒரு வகுப்பறைக் குழந்தைகளுக்கு இது போதும், பள்ளி முற்றத்திலேயே ஆடிவிடலாம். தோல் பந்தும் பேடும் ஹெல்மெட்டும் பிற்பாடு வரும், அவை எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அதிகம்.

பிரிட்டனிலிருந்து இயங்கும் 'கிரிக்கெட் வித்தவுட் பவுண்டரிஸ்' என்ற தொண்டு அமைப்பு ருவாண்டாவில் இந்த வேலையைச் செய்திருக்கிறது. கிரிக்கெட் பயிற்சியோடு எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்கள். இதில் நான் முக்கியமாக நினைப்பது, அவர்கள் குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை, உள்ளூர் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் பயிற்சியாளர்களாக்குகிறார்கள் என்பதுதான். வெளிநாட்டுக்காரர் இரண்டு வாரம் வந்து போவார். ஆசிரியர் அங்கேயே இருப்பார்.

காலமும் கொஞ்சம் கைகொடுத்தது. 2008-இல் ருவாண்டா பள்ளிக் கல்வியை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவு செய்தது, 2009-இல் காமன்வெல்த்தில் சேர்ந்தது. பிரிட்டன் ஆளாத ஒரு நாடு காமன்வெல்த்தில் சேர்வது அபூர்வம். இதனால் குழந்தைகள் கிரிக்கெட்டை நோக்கி ஓடி வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் கதவு திறந்தது. பயிற்சிப் புத்தகமும் நடுவர் பயிற்சியும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன அல்லவா?

இப்போது பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருவாண்டா கிரிக்கெட் என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது அவர்கள்தான்.

நம் ஊரில் ஒரு பெண் குழந்தை மட்டையைத் தூக்கினால், அது ஆண் பிள்ளைகள் ஆட்டம் என்று சொல்ல நூறு பேர் இருந்தார்கள், இன்றும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டு புதிதாக வரும் நாட்டில் அப்படிச் சொல்ல ஆளே இல்லை. அது யாருடைய ஆட்டம் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. பள்ளிக்கு மட்டை வருகிறது, வகுப்பில் இருக்கும் எல்லோரும் ஆடுகிறார்கள். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. ஆண்கள் கிரிக்கெட்டில் பெரிய நாடுகள் நூறு வருடத்துக்கும் மேலாகப் பணமும் உழைப்பும் கொட்டியிருக்கின்றன, புதிதாக வரும் நாடு அந்த இடைவெளியைக் கடக்க எத்தனையோ தலைமுறை ஆகும். பெண்கள் கிரிக்கெட்டில், அதிலும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரில், பெரிய நாடுகளே சமீபத்தில்தான் ஒழுங்காக ஆரம்பித்தன. இடைவெளி சின்னது. உழைத்தால் எட்டிவிடலாம். தாய்லாந்து பெண்கள் அணி 2020-இல் டி20 உலகக் கோப்பைக்கு வந்ததும் இதே வழியில்தான்.

ருவாண்டா சங்கம் 2014-இல், இனப்படுகொலையின் இருபதாவது ஆண்டில், 'க்விபுகா' என்ற பெயரில் ஒரு பெண்கள் டி20 போட்டியைத் தொடங்கியது. கின்யருவாண்டாவில் க்விபுகா என்றால் நினைவுகூர்தல். உகாண்டா, கென்யா, தான்சானியா என்று பக்கத்து நாட்டு அணிகள் வருடாவருடம் கிகாலிக்கு வருகின்றன. ஒரு சின்ன நாட்டுக்கு இதைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை என்பேன். ஐசிசி தகுதிச்சுற்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும், அதில் தோற்றால் மறுபடி காத்திருக்க வேண்டும். சொந்த மண்ணில் நிச்சயமாக நடக்கும் ஒரு போட்டி இருந்தால், பதினான்கு வயதுப் பெண்ணுக்கு "அடுத்த ஜூனில் நானும் ஆடுவேன்" என்று சொல்லிக்கொள்ள ஒரு தேதி இருக்கிறது.

அதே போட்டியில் 2019 ஜூனில் மாலி நாட்டு அணி ருவாண்டாவிடம் 6 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது. அறுபது இல்லை, ஆறு. அதிலும் ஐந்து ரன் எக்ஸ்ட்ரா. ருவாண்டா நான்கே பந்தில் முடித்துவிட்டது. உலகம் முழுக்க அதைக் கேலி செய்தார்கள், இப்படிப்பட்ட ஆட்டத்துக்கெல்லாம் எதற்கு சர்வதேச அந்தஸ்து என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேலி அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மாலியின் அந்தப் பெண்கள் பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கண்டத்தின் மறுபக்கத்துக்கு வந்து, ஆடத் தொடங்கிக் கொஞ்ச காலமே ஆன ஒரு விளையாட்டை, பல வருடம் ஆடியவர்களுக்கு எதிராக ஆடினார்கள். ருவாண்டாவும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது.

சர்வதேச அந்தஸ்து என்ற சொல்லையும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். ஐசிசி-யில் டெஸ்ட் ஆடும் முழு உறுப்பினர்கள் 12 பேர். மற்றவர்கள் அசோசியேட் உறுப்பினர்கள், அவர்கள் கிட்டத்தட்ட நூறு பேர். முன்பெல்லாம் சில அசோசியேட் நாடுகளின் ஆட்டத்தை மட்டும்தான் சர்வதேச டி20 என்று கணக்கில் வைத்தார்கள். 2018 ஜூலையிலிருந்து பெண்களுக்கும், 2019 ஜனவரியிலிருந்து ஆண்களுக்கும், எந்த இரண்டு உறுப்பு நாடுகள் மோதினாலும் அது சர்வதேச டி20 என்றாகிவிட்டது. இதனால் காசு வந்துவிடவில்லை. ஆனால் தரவரிசையில் பெயர் வந்தது, ஸ்கோர்கார்டு உலகம் முழுக்கத் தெரிந்தது, விளையாட்டு அமைச்சகத்தின் வாசலில் நின்று "நாங்கள் நாட்டுக்காக சர்வதேச ஆட்டம் ஆடுகிறோம்" என்று சொல்ல ஒரு பிடி கிடைத்தது. ஒரு சின்ன சங்கத்துக்கு அந்தப் பிடி பெரிய விஷயம்.

காசு எங்கிருந்துதான் வருகிறது? முதலில் ஐசிசி. அதன் வருமானத்தைப் பிரிப்பது பற்றி 2023-இல் வெளிவந்த கணக்குப்படி இந்தியாவுக்கு மட்டும் சுமார் 38.5 சதவீதம், அத்தனை அசோசியேட் நாடுகளுக்கும் சேர்த்து சுமார் 11 சதவீதம். அந்தப் பதினொன்றையும் கிட்டத்தட்ட நூறு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தியச் சந்தையிலிருந்துதான் பெரும்பகுதிப் பணம் வருகிறது என்ற வாதம் எனக்கும் தெரியும், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் இந்த விளையாட்டு உலக விளையாட்டாக வேண்டும் என்று பேசிக்கொண்டே இப்படிப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐசிசி பணம் ஊழியர் சம்பளம், பயிற்சி, பயணச் செலவு என்று கரைந்துவிடும், அதில் மைதானம் கட்ட முடியாது. அரசாங்கம் கொடுக்குமா என்றால், ருவாண்டா அரசு விளையாட்டுக்குச் செலவழிக்கத் தயங்கும் அரசு அல்ல. இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான ஆர்சனல் அணியின் சட்டைக் கையில் 'விசிட் ருவாண்டா' என்று போட வைத்தவர்கள் அவர்கள், 2025-இல் உலக சைக்கிள் சாலைப் போட்டியை முதன்முறையாக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு வந்தவர்கள். கிரிக்கெட் இவற்றோடெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் கடைசியில்.

அதனால் மைதானத்துக்குப் பணம் திரட்ட பிரிட்டனில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். உள்ளூரிலும் சும்மா இருக்கவில்லை. ஆண்கள் அணியின் கேப்டன் எரிக் டுசிங்கிஸிமானா, தொழிலால் சிவில் இன்ஜினீயர், 2016 மே மாதம் கிகாலியில் ஒரு வலைக்குள் புகுந்து மட்டையைப் பிடித்தார். 51 மணி நேரம் ஆடினார். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும். கின்னஸ் விதிப்படி மணிக்கு ஐந்து நிமிடம்தான் ஓய்வு, சாப்பிடுவதும் கழிப்பறையும் கண்ணை மூடுவதும் அதற்குள்ளேயே. பந்து வீச ஆட்கள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தார்கள், பேட்டர் ஒருவர்தான். முந்தைய சாதனை புனேயைச் சேர்ந்த ஓர் இந்தியருடையது, ஐம்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அடுத்த வருடம் பெண்கள் அணியின் காதியா உவமஹோரோ 26 மணி நேரம் ஆடிப் பெண்களுக்கான சாதனையைச் செய்தார். மைதானம் வேண்டும் என்பதற்காக ஒரு நாட்டின் கேப்டன் தூக்கத்தை விட்டு நின்று பந்தை அடித்துக்கொண்டே இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

2017 அக்டோபரில் கிகாலிக்கு அருகே கஹங்காவில் மைதானம் திறக்கப்பட்டது. செலவு சுமார் பத்து லட்சம் பவுண்டு. அதன் பெவிலியனைப் படத்திலாவது ஒரு முறை பாருங்கள். மூன்று வளைவுகள், பெரிது, நடுத்தரம், சின்னது, பந்து குத்திக் குத்தி எழும்பிப் போகும் பாதையைப் போலவே. அந்த வளைவுகளுக்கான ஓடுகளை உள்ளூர் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, சூளையில் சுடாமல், அழுத்தியே செய்தார்கள், கட்டியவர்களும் அங்கேயே பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொழிலாளர்கள். சொந்த மைதானம் வந்ததும் சர்வதேசத் தகுதிச்சுற்றுகளே கிகாலிக்கு வரத் தொடங்கின. விமானச் செலவு செய்து வெளியூர் போய்த்தான் ஆட வேண்டும் என்ற நிலை மாறியது.

இதற்கெல்லாம் பலன் 2023 ஜனவரியில் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பை. ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்றை வென்று ருவாண்டா வந்திருந்தது, எந்தப் பிரிவிலும் அந்த நாடு ஆடிய முதல் உலகக் கோப்பை அது. ஜிம்பாப்வேக்கு எதிராக ருவாண்டா எடுத்தது 119. ஜிம்பாப்வே 80 ரன்னில் நிற்கும்போது ஹென்ரியட் இஷிம்வே அடுத்தடுத்து நான்கு பந்தில் நான்கு விக்கெட்டை எடுத்து ஆட்டத்தையே முடித்துவிட்டார். சில நாள் கழித்து வெஸ்ட் இண்டீஸ் 70 ரன்னுக்கு ஆல் அவுட். ருவாண்டா ஆறு விக்கெட்டை இழந்து, கேப்டன் கிஸெல் இஷிம்வே நின்று ஆட, அந்த ரன்னை எட்டிப் பிடித்தது. இருவருக்கும் ஒரே பெயரா என்று குழம்ப வேண்டாம், அங்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது, இஷிம்வே என்ற பெயர் நிறையப் பேருக்கு உண்டு. ஜிம்பாப்வேயும் வெஸ்ட் இண்டீஸும் டெஸ்ட் ஆடும் நாடுகள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்தப் பெண்கள் ருவாண்டாவில் வளர்ந்து, ருவாண்டாவிலேயே கிரிக்கெட் கற்றுக்கொண்டவர்கள். உகாண்டாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட விதை அடுத்த தலைமுறைக்கு வந்துவிட்டது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

எல்லாம் நன்றாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அதே 2023 நவம்பரில் நமீபியாவில் ஆண்கள் டி20 உலகக் கோப்பைக்கான ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்று நடந்தது. கடைசி நாளில் ருவாண்டா 65 ரன்னுக்கு ஆல் அவுட், எதிரணி ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பைக்குப் போனது. அந்த எதிரணி உகாண்டா. ருவாண்டாவின் அகதிப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைக் கொடுத்த அதே உகாண்டா. அவர்களுடைய சீனியர் அணிக்கும் அதுதான் முதல் உலகக் கோப்பை, அதனால் எனக்கு முழுதாக வருத்தப்படவும் முடியவில்லை.

இன்னும் தீராத கஷ்டங்கள் இருக்கின்றன. பள்ளி முடித்த பெண் கல்லூரிக்கோ வேலைக்கோ போக வேண்டியிருக்கிறது, கிரிக்கெட் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. தலைநகரைத் தாண்டினால் நல்ல பிட்ச் குறைவு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் வருகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா ஆறு அணிதான், ருவாண்டா போன்ற நாடு அதில் நுழைவது மிகக் கடினம். ஆனாலும் ஒலிம்பிக் விளையாட்டு என்ற பெயர் வந்துவிட்டால் பல நாடுகளில் அரசு நிதிக்கும் பள்ளிப் பாடத்திட்டத்துக்கும் வழி திறக்கும் என்பதால் சின்ன நாடுகள் அதை ஆவலோடு எதிர்பார்க்கின்றன.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் கிரிக்கெட் அதிகம் இல்லாத நாட்டில் வசிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடிக்கொண்டும் இருக்கலாம். அடுத்த வாரம் ஆட்டம் முடிந்ததும் ஸ்டம்பைப் பிடுங்காமல் ஒரு அரை மணி நேரம் விட்டுவையுங்கள். வேலி ஓரம் நின்று பார்க்கும் குழந்தையைக் கூப்பிடுங்கள், அவர்கள் மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் போதும். தோல் பந்தை எடுத்து வைத்துவிட்டு டென்னிஸ் பந்தைக் கையில் கொடுங்கள். முதல் பந்திலேயே போல்ட் ஆனால் வெளியே அனுப்பாதீர்கள், ஐந்து ரன்னைக் கழித்துக்கொண்டு அடுத்த பந்தைப் போடுங்கள்.